அமீனா வேலைக்குப் போக மறுத்த ஷெரீப்

ஒரு ஃபோட்டோ பார்த்தேன். கறுப்பு வெள்ளை. கையில் துப்பாக்கியை நீட்டியபடி ஒரு ஆசாமி ஒரு வீட்டுக்குள் பூனை மாதிரி அடியெடுத்து வைக்கிறார். சுற்றிலும் சாமான்கள் தாறுமாறாக இறைந்து கிடக்கின்றன. ஈராக்கிலோ எங்கேயோ சண்டை என்றுதான் நினைத்தேன். கீழே போட்டிருந்த நாலு வரியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இடம், அமெரிக்கா. ஓஹையோ மாநிலத்து க்ளீவ்லாண்ட் நகரம். வருஷம் 2008. துப்பாக்கிக்காரர் ராணுவம் இல்லை, கவுன்ட்டி ஷெரீப் ஆபீஸ் டிடெக்டிவ். அந்த வீட்டுக்காரர் லோன் கட்டவில்லை. ஆள் காலி பண்ணிவிட்டாரா, போகிற போக்கில் துப்பாக்கி கிப்பாக்கி ஏதாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறாரா என்று பார்க்க வந்திருக்கிறார். அவ்வளவுதான் சண்டை!

ஆன்ட்டனி ஸுவாவ் என்பவர் எடுத்த படம். அந்த வருஷத்துச் சிறந்த படம் என்று வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

ஷெரீப் என்றால் நமக்கு ஞாபகம் வருவது கௌபாய் படம். மார்பில் நட்சத்திரம், தலையில் தொப்பி, இடுப்பில் ரெண்டு துப்பாக்கி, வாசலில் குதிரை. அதை விட்டால், சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்தது. ஊர்ப் பிரமுகர் ஒருவருக்குக் கொடுப்பார்கள். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் வரவேற்பில் நிற்பார். பிறகு அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அமெரிக்க ஷெரீப் அப்படி இல்லை. நம்ம ஜில்லா மாதிரி அங்கே கவுன்ட்டி. பெரும்பாலான மாநிலங்களில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்ட்டி ஜெயில் அவர் பொறுப்பு. கோர்ட்டுக்குக் காவல் அவர் பொறுப்பு. அப்புறம் யாரும் விரும்பிச் செய்யாத இன்னொரு வேலையும் உண்டு. கோர்ட் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறவர் ஷெரீப்பின் ஆள். நம்மூர் பாஷையில், கோர்ட் அமீனா. அமீனாவை யாருக்காவது பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த அமீனா வேலைக்குப் போக மாட்டேன் என்று ஒரு ஷெரீப் அடம் பிடித்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பெயர் டாம் டார்ட். இல்லினாய் மாநிலம், குக் கவுன்ட்டி. சிகாகோ நகரம் இதற்குள்தான் இருக்கிறது. ஜனத்தொகை 50 லட்சத்துக்கு மேல். டார்ட் குதிரையேறி வளர்ந்த ஆள் இல்லை. சட்டம் படித்தவர், சர்க்கார் வக்கீலாக இருந்தவர், 1990களில் மாநிலச் சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர். 2002ல் மாநிலப் பொருளாளர் பதவிக்கு நின்று தோற்றார். பிறகு முந்தைய ஷெரீப்பிடம் வேலை பார்த்தார். 2006ல் தானே ஷெரீப் ஆனார். அதாவது ஒரு சாதாரண அரசியல்வாதியின் ஜாதகம். கட்டில் காலை எண்ணுகிற மாதிரி எண்ணினால் 2022 வரை ஐந்து தடவை ஜெயித்திருக்கிறார்.

பதவிக்கு வந்த நேரம் அப்படி. அமெரிக்காவில் வீட்டுக் கடன் வியாதி முற்றிக்கொண்டிருந்தது. நான் பி.காம். படித்தபோது, கடன் கொடுக்கிறவன் வாங்குகிறவனின் லட்சணத்தைத் தெரிந்துகொண்டுதான் கொடுப்பான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே 2000க்குப் பிறகு அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். சம்பளம் எவ்வளவு, திருப்பிக் கட்ட முடியுமா என்று சரியாகப் பார்க்காமலே லோன். கொடுத்தவர்கள் அந்த லோன் பத்திரங்களை மொத்தமாகக் கட்டி, பச்சைமிளகாயைக் கூறு போட்டு விற்கிற மாதிரி வெளியாருக்கு விற்றுவிட்டார்கள். கடன் கொடுத்தவன் ஒருத்தன், பத்திரம் வைத்திருப்பவன் இன்னொருத்தன், மாசத் தவணை வசூலிப்பவன் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட அந்த வீட்டு வாசற்படியை மிதித்தது கிடையாது!

தவணை நின்றது. வழக்கு குவிந்தது. குக் கவுன்ட்டியில் மட்டும் 2006ல் சுமார் 19 ஆயிரம் வழக்குகள். அடுத்த வருஷமே 32 ஆயிரம். 2008ல் அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சிகாகோவில் பழைய வீடுகள் பல, இரண்டு மூன்று மாடி போர்ஷன் வீடுகள். கீழே ஓனர், மேலே குடித்தனம். அல்லது ஓனர் வேறெங்கோ இருப்பார், எல்லா மாடியிலும் குடித்தனம். நம் திருவல்லிக்கேணி கணக்குதான். ஓனர் பாங்க்குக்குக் கட்டவில்லை என்று மாடியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு ஒண்ணாம் தேதி வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். ஓனர் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலையில் கதவு தட்டப்படும். திறந்தால் ஷெரீப் ஆபீஸ் ஆட்கள். கையில் கோர்ட் ஆர்டர். அதில் ஓனர் பெயர். 'அவர் இங்கே இல்லையே, நாங்க வாடகைக்கு இருக்கோம்' என்று இவர் ரசீதைக் காட்டுவார். ஆர்டர் என்னவோ வீட்டைக் காலி செய் என்கிறது. வீட்டுக்குள் யார் இருந்தால் ஆர்டருக்கு என்ன? கட்டில், டி.வி., குழந்தையின் பொம்மை எல்லாம் தெருவோரத்துக்கு வரும்.

வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால், இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

குடித்தனக்காரருக்கு 120 நாள் அவகாசம் தர வேண்டும் என்று இல்லினாயில் அதற்குள் சட்டமே வந்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் குடித்தனம் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? பாங்க் பார்க்கவில்லை. கோர்ட்டுக்குக் காகிதத்தில் வந்ததுதான் தெரியும். உள்ளே நிஜமாக யார் இருக்கிறார் என்று முதன்முதலில் கண்ணால் பார்க்கிறவர், கதவைத் தட்டுகிற ஷெரீப்பின் ஆள்தான். அப்போது எல்லாம் முடிந்திருக்கும்.

2008 அக்டோபர் 8. டார்ட் நிருபர்களைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து என் ஆட்கள் வீட்டுக் கடன் கேஸுக்காக யாரையும் காலி செய்யப் போக மாட்டார்கள் என்றார். உள்ளே யார் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது பாங்க்கின் வேலை, அதைச் செய்யாமல் என் ஆட்களின் தலையில் கட்டுகிறார்கள், ஒழுங்காக வாடகை கொடுத்தவனைத் தெருவில் தள்ள நாங்கள் ஆள் இல்லை என்று காரணம் சொன்னார். இது கோர்ட் அவமதிப்பு ஆகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். வக்கீல் ஆயிற்றே!

பாங்க் சங்கத்துக்காரர்களுக்கு வந்ததே கோபம்! சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார், கோர்ட் உத்தரவை நிறைவேற்றத்தானே சம்பளம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். பாங்க்காரர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த ஆர்டரை நிறைவேற்றுவது, எதை விடுவது என்று ஆளாளுக்கு ஷெரீப்கள் முடிவு செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும்? என்ன ஆகும் என்பதற்கு அதே அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. அரிஸோனா மாநிலம், மாரிகோப்பா கவுன்ட்டி ஷெரீப் ஜோ அர்பாயோ. 1993லிருந்து 2016 வரை பதவியில் இருந்தார். கைதிகளைச் சுட்டெரிக்கும் வெயிலில் டென்ட் போட்டுத் தங்க வைத்தவர். ஆண் கைதிகளுக்கு இளஞ்சிவப்பு உள்ளாடை கொடுத்துப் பெயர் வாங்கியவர். சட்ட விரோதமாகக் குடியேறியவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்து ஆட்களைப் பிடித்து வைக்காதே என்று கோர்ட் தடை போட்டது. கேட்கவில்லை. 2017ல் கோர்ட் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்புக் கொடுத்ததால் தண்டனை தப்பியது.

அவரும் ஷெரீப். இவரும் ஷெரீப். ரெண்டு பேருமே கோர்ட் ஆர்டரைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் என்ன வித்தியாசம்?

டார்ட் தள்ளி வைத்தது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரு வாரம் பத்து நாளில் நீதிபதிகளோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யக் கேட்டு வருகிற பாங்க், உள்ளே இருப்பவர் யார், குடித்தனக்காரர் உண்டா, அவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாயிற்றா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று முடிவாயிற்று. உடனே டார்ட் தன் ஆட்களை மறுபடி வேலைக்கு அனுப்பினார். அதாவது, கோர்ட்டைத் தோற்கடிப்பது அவர் உத்தேசம் இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. கிடைத்ததும் அமீனா மறுபடி அமீனா ஆகிவிட்டார்.

அடுத்த வருஷம், 2009 மே மாதம், கடனில் போன வீட்டில் குடியிருப்பவருக்குக் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் வந்தது. இதெல்லாம் டார்ட் ஒருத்தரால் வந்தது என்று சொன்னால் அது சினிமா போஸ்டர். ஆனால் நாடே அந்தப் பத்து நாளும் சிகாகோவைத் திரும்பிப் பார்த்தது என்பது நிஜம். 2009ல் 'டைம்' பத்திரிகை உலகின் செல்வாக்கான 100 பேர் பட்டியலில் இவரையும் சேர்த்தது. இந்தப் பட்டியல்களில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருந்தாலும் அதில் ஒரு அமீனா வந்தது சந்தோஷம்தான்.

2010 அக்டோபரில் இன்னொரு கூத்து. பாங்க் ஊழியர்கள் ஒரு காகிதத்தைக்கூடப் படிக்காமல் நாளைக்கு நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்பியது அம்பலமாயிற்று. ரோபோ கையெழுத்து என்றே அதற்குப் பெயர்! டார்ட் மறுபடி எழுந்தார். மூன்று பெரிய நிறுவனங்களின் கேஸ்களில், காகிதம் ஒழுங்கு என்று நிரூபித்தால்தான் போவேன் என்றார்.

உள்ளே யார் என்று கேட்கிற புத்தி வந்துவிட்டால் அது சும்மா இருக்காது போலிருக்கிறது. 2009 ஜூலையில் அவருக்கு ஒரு சுடுகாட்டு கேஸ் வந்தது. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆல்ஸிப் என்ற ஊரில் பர் ஓக் கல்லறைத் தோட்டம். கறுப்பின மக்கள் பரம்பரையாகத் தங்கள் சொந்தங்களைப் புதைத்த இடம். அங்கே வேலை பார்த்த சிலரே பழைய கல்லறைகளைத் தோண்டி, எலும்பை வேறெங்கோ கொட்டிவிட்டு, அதே இடத்தைப் புதுப் பிணத்துக்கு விற்றிருக்கிறார்கள். இருநூறு முந்நூறு கல்லறைகளாவது இருக்கும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஃப்ளாட் விஷயத்தில் ஒரே இடத்தை ரெண்டு பேருக்கு விற்கிற கதை நாம் கேட்டதுதான். செத்தவனைக் காலி செய்துவிட்டு விற்பது புதுசு.

செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கல்லறை வாசலுக்கு வந்துவிட்டன. எங்கம்மா இங்கேதானே இருக்கா, எங்கப்பாவை எங்கே வெச்சீங்க என்று. ஷெரீப்பின் ஆட்கள் துப்பறிவதை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்து பெயரும் வருஷமும் எழுதிக்கொண்டார்கள்.

1955ல் மிஸிஸிப்பியில் வெள்ளையர்கள் கொன்ற 14 வயதுப் பையன் எம்மெட் டில் புதைக்கப்பட்டதும் அங்கேதான். அவன் அம்மா சவப்பெட்டியை மூடாமல், என் பிள்ளையை என்ன செய்திருக்கிறார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று வைத்த பெட்டி அது. 2005ல் விசாரணைக்காக உடலைத் தோண்டி எடுத்து வேறு பெட்டியில் புதைத்தபோது பழைய பெட்டியைப் பத்திரமாக வைப்பதாகப் பேச்சு. டார்ட்டின் ஆட்கள் போய்ப் பார்த்தால் அது ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது! இப்போது வாஷிங்டன் மியூஸியத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிடப் பழசு. ஜான் வேய்ன் கேஸி என்ற கொலைகாரன் 1970களில் 33 இளைஞர்களைக் கொன்றான். பிள்ளைகளின் பிறந்த நாளுக்குக் கோமாளி வேஷம் போடுகிறவன். 1978ல் பிடிபட்டு, 1994ல் மரண தண்டனையும் நிறைவேறியது. கேஸ் முடிந்தது, ஃபைல் கட்டியாயிற்று. ஆனால் அந்த 33ல் எட்டுப் பேர் யார் என்றே தெரியவில்லை. 2011ல் டார்ட் ஆபீஸ் அந்த ஃபைலைப் பிரித்தது. எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். 1970களில் உங்கள் வீட்டுப் பையன் காணாமல் போனானா, வாருங்கள் என்று அறிவித்தார்கள். 2011ல் ஒருவன் பெயர் தெரிந்தது. 2017ல் இன்னொருவன். 2021ல் மூன்றாவது. வந்த குடும்பங்களில் சிலருக்கு வேறு மாதிரி ஆச்சரியம் காத்திருந்தது. கேஸி கொன்றிருப்பான் என்று முப்பது வருஷமாக அழுதுகொண்டிருந்த வீட்டில், தேடிப்போன ஆள் வேறு ஊரில் உயிரோடு உட்கார்ந்திருந்தார்! கண்டுபிடித்த போலீஸ்காரர் அந்த ஃபோனை எப்படித்தான் பேசியிருப்பாரோ.

நல்லவர் வல்லவர் என்று எழுதிக்கொண்டே போனால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். படத்தான் வேண்டும். டார்ட்டின் சொந்த வீடு மாதிரி இருக்கிற இடம் குக் கவுன்ட்டி ஜெயில். 96 ஏக்கர். வீடுகளைக் காலி செய்ய மாட்டேன் என்று அவர் அறிவித்ததற்கு மூன்றே மாதம் முன்னால், 2008 ஜூலையில், அமெரிக்க நீதித் துறை அந்த ஜெயிலைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. கைதிகளை அடிக்கிறார்கள், வைத்தியம் சரியில்லை, இது அரசியல் சட்டத்தையே மீறுகிற அளவு என்று. கோர்ட் மேற்பார்வையில் சரி செய்ய 2017 வரை ஆயிற்று. கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரலில், நாட்டிலேயே அதிகமாகத் தொற்று பரவிய இடங்களில் ஒன்றாக அந்த ஜெயில் செய்தியில் அடிபட்டது. கைதிகள் இறந்தார்கள். கைதிகள் சார்பில் டார்ட் மேல் கேஸும் போட்டார்கள். அடுத்தவர் வாசலில் நின்று உள்ளே யார் என்று கேட்டவருக்குத் தன் கதவு மட்டும் லேசில் திறக்கவில்லை.

ஆனால் திறக்கப் பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும். இந்த ஜெயிலுக்குள் இருப்பது யார் என்று கணக்கெடுத்தால், மூன்றில் ஒருவருக்கு ஏதாவது மனநோய் என்றது ஷெரீப் ஆபீஸ். 2012ல் சிகாகோ மாநகராட்சி செலவைக் குறைக்கிறேன் என்று தன் 12 மனநல க்ளினிக்குகளில் ஆறை மூடிவிட்டது. க்ளினிக்கை மூடினால் நோய் மூடிக்கொள்ளுமா? மருந்து இல்லாமல் தெருவில் திரிவார்கள், யார் வீட்டிலாவது நுழைந்து படுப்பார்கள், கடையில் எதையாவது எடுப்பார்கள். போலீஸ் பிடிக்கும். ஜெயில். ஜாமீனுக்குக் காசு இல்லை. இருப்பார்கள். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 140 டாலருக்கு மேல் செலவு என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். சாக்லேட் திருடியவனை வைத்துச் சாப்பாடு போட்டு, அந்தப் பணத்தில் சாக்லேட் கடையே வைத்திருக்கலாம். (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்.)

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, என்ன வியாதி, என்ன மருந்து என்று விசாரிக்க ஆள் போட்டார். 2015ல் ஜெயிலுக்குத் தலைமை நிர்வாகியாக நியமித்தது யாரை? மீசை வைத்த போலீஸ் அதிகாரியை இல்லை. நெகா ஜோன்ஸ் டாப்பியா என்ற மனநல நிபுணரை. பெண்மணி! அதே வருஷம், சில்லறைத் திருட்டு கேஸ்களை 30 நாளில் முடி, முடியாவிட்டால் ஆளை வெளியே விடு என்று ஒரு சட்டத்துக்கும் பாடுபட்டார். அதுவும் வந்தது.

ஜெயிலுக்குள் செஸ் வந்தது. 2012 வாக்கில் ஆரம்பித்த இந்த ஏற்பாட்டில் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ப்போவே வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் வழியாக ரஷ்ய ஜெயில் கைதிகளோடு ஆட்டம். அது வளர்ந்து, உலகச் செஸ் சம்மேளனமும் ஷெரீப் ஆபீஸும் சேர்ந்து கைதிகளுக்கு உலகப் போட்டியே நடத்துகிற அளவுக்குப் போனது. 2023ல் அதில் தங்கம் ஜெயித்தது யார் தெரியுமா? நம்ம பூனா எரவாடா ஜெயில் டீம்!

காலி செய்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கோர்ட் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறது, கதவைத் தட்டத்தான் வேண்டும். ஆனால் டார்ட் தன் ஆபீஸில் சமூக சேவகர்களைப் போட்டார். உள்ளே வயசானவர் இருக்கிறாரா, படுத்த படுக்கையாக யாராவது, குழந்தை குட்டி, போக இடம் உண்டா என்று விசாரிக்கிறது அவர்கள் வேலை. அப்புறம் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சில நாட்கள் காலி செய்யும் வேலைக்கு விடுமுறை. குளிர் ஏறக்குறைய மைனஸ் ஒன்பது டிகிரிக்குக் கீழே போனாலும் அன்றைக்கு யாரையும் வெளியே தள்ளக் கூடாது. சிகாகோ குளிர் சாதாரணக் குளிர் இல்லை.

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்து, ராத்திரி தூக்கம் போய்விட்டது. மறுநாள் மாடிப்படியில் ஹவுஸ் ஓனரைப் பிடித்தேன்.

"ஸார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த வீட்டு மேலே பாங்க் லோன் ஏதாவது இருக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வாங்கற ஐடியா இருக்கா?"

"அய்யோ, இல்லை ஸார். சும்மாதான். சிகாகோவிலே டார்ட்னு ஒருத்தர்..."

"அவர் கிடக்கட்டும். தேதி பன்னண்டு ஆச்சு, வாடகை இன்னும் வரலையே?"